கம்பிச்சடக்கு போன பாதையில் இரண்டு நாள்

நம் ஊர்ப் பெரியவர்கள் ரயில் பாதையைக் 'கம்பிச்சடக்கு' என்பார்கள். சடக்கு என்றால் சாலை. கம்பி போட்ட சாலை கம்பிச்சடக்கு. தோட்டத்து லயங்களிலும் ரயில்வே குவார்ட்டர்ஸ்களிலும் புழங்கிய சொல் அது. ஒருநாள் காலை வானொலி நிகழ்ச்சியில் பேச்சோடு பேச்சாக அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். அழைத்த இளைஞர்கள் அதற்கு அர்த்தம் கேட்டார்கள். வயதானவர்களோ தங்கள் அப்பாவைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் வேறொன்று கேட்டார். "கம்பியைப் பிடுங்கிட்டா அந்தச் சடக்கு என்னம்மா ஆகும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பயணம்.

உலகத்தில் பல நாடுகள் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. ரயில் நின்றுபோன பாதையில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அடியில் கிடக்கும் மண்ணையும் கல்லையும் அப்படியே சமன்செய்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ மாநிலத்தில் க்ளைட் என்ற ஊரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு பாதை இருக்கிறது. ரயில் 1990-இல் நின்றது. சைக்கிள் பாதை 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தார் கிடையாது, முழுக்கச் சரளைக்கல். அதை நான்கைந்து நாள் எடுத்துக்கொண்டு, இரவுக்கு இரவு ஒரு சிற்றூரில் தங்கி ஓட்டுகிறார்கள். ரயில் போனதோடு படுத்துவிட வேண்டிய ஊர்களில் தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் நடக்கின்றன.

இதில் ஒரு வசதி உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புக் கம்பியில் வழுக்கும். அதனால் ரயில் செங்குத்தான மேடு ஏறாது. மலை குறுக்கே வந்தால் வெட்டுவார்கள் அல்லது குடைவார்கள். பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி மேடாக்குவார்கள். ஒட்டாகோ பாதையில் மிகக் கடினமான ஏற்றமே ஐம்பது அடிக்கு ஓர் அடிதான். நூறாண்டுக்கு முன் யாரோ மண்வெட்டி பிடித்துப் பட்ட பாட்டினால், இன்று அறுபது வயதுக்காரரும் ஆறு வயதுப் பிள்ளையும் மூச்சு வாங்காமல் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

வேற நாடு, நம்ம கம்பி

நமக்கு மிக அருகில் இப்படி ஒரு பாதை சிங்கப்பூரில் இருக்கிறது. உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பாகார் வரை 24 கிலோமீட்டர். 'ரயில் காரிடோர்' என்கிறார்கள். நிலம் சிங்கப்பூரில் இருந்தாலும் அதில் ஓடியது நம் மலாயன் ரயில்வே. 1903-இல் போட்ட பாதை அது. 1923-இல் ஜொகூர் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் தீபகற்பத்தோடு இணைந்தது. 1932-இல் தெற்குப் பகுதியை மாற்றிப் போட்டு, தஞ்சோங் பாகாரில் பெரிய நிலையம் கட்டினார்கள். சிங்கப்பூர் தனி நாடான பிறகும் பாதையும் நிலையமும் நம் ரயில்வேயிடமே இருந்தன. இரு நாடுகளுக்கும் இடையில் 1990-இல் ஓர் உடன்பாடு, அதில் இழுபறி, பிறகு 2010-இல் தீர்வு. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம்.

அதன் பிறகு தண்டவாளத்தைக் கழற்றும் வேலை தொடங்கியது. கம்பிகள் நம்மிடம் திரும்பி வந்தன. நகரம் நெருக்கியடிக்கும் தீவில் அவ்வளவு நீள நிலம் காலியானால் அடுக்குமாடி எழும்பும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2010-லேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், இந்தப் பாதையைத் துண்டு போடாமல் பசுமை வழியாக வைத்திருக்க வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்திருந்தது. பொதுமக்களும் சேர்ந்து கேட்டார்கள். பாதை பிழைத்தது.

என்னோடு வந்தவர் அப்பா. வயது 69. ரயில்வேயில் கேங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில், நான் பிறப்பதற்கு முன்பு, மூன்று ஆண்டுகள் இந்தச் சிங்கப்பூர்ப் பகுதியில் வேலை பார்த்திருக்கிறார். கிள்ளானில் இன்றைக்கும் காலையில் சைக்கிளில்தான் பசாருக்குப் போகிறார். ஆனாலும் இந்தப் பயணத்துக்கு முதலில் ஒப்பவில்லை.

"கம்பியே இல்லாத இடத்துல போய் என்னத்த பாக்குறது?"

"கம்பி இருந்த இடத்தைக் காட்டுங்கப்பா. எனக்குத் தெரியாதுல்ல."

இரண்டு நாள் கழித்து, "சரி, சைக்கிள் நல்லதா இருக்கணும்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

இரவுப் பேருந்தில் ஜொகூர் பாரு போய், காலையில் தெப்ராவ் ஷட்டல் ரயில் ஏறினோம். ஐந்தே நிமிடத்தில் உட்லண்ட்ஸ். ஒரு காலத்தில் தஞ்சோங் பாகார் வரை போன கம்பி இப்போது அங்கேயே முடிந்துவிடுகிறது. அத்தை மகன் இரண்டு சைக்கிள்களோடு கிராஞ்சியில் காத்திருந்தான். 24 கிலோமீட்டரை வேகமாக மிதிப்பவர்கள் காலைப் பசியாறுவதற்குள் முடித்துவிடுவார்கள். நாங்கள் இரண்டு நாள் வைத்துக்கொண்டோம். அது அப்பாவின் நிபந்தனை. "லைன் பாக்குறவன் ஓட மாட்டான். நடப்பான்."

முதல் நாள்: கிராஞ்சியிலிருந்து

வடக்குப் பகுதியில் பாதை அமைதியாக இருக்கிறது. சில இடத்தில் புல், சில இடத்தில் சரளை, சில இடத்தில் வெறும் செம்மண். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் மரங்கள். கொஞ்ச தூரம் போனால் பாங் சுவா கால்வாய் கூடவே வருகிறது. முந்தின இரவு மழை பெய்திருந்ததால் சக்கரம் சேற்றில் சிக்கி 'சளக் சளக்' என்றது. வானொலிக்காரருக்குக் காது சும்மா இருக்காது. நகரத்தின் நடுவில் இருந்தும் வாகன இரைச்சல் எங்கோ தொலைவில் கேட்பது போலத்தான் இருந்தது. இரண்டு பக்கத்து மரங்களும் அதைத் தடுத்துவிடுகின்றன.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. முதல் அரைமணி நேரம் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பிறகு ஓரிடத்தில் இறங்கினார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. அவர் பாதையோரத்து மண்ணைச் செருப்பால் கிளறினார். அடியிலிருந்து முனை உடைந்த கருங்கல் வந்தது.

"இதான் ஜல்லி. இதுக்கு மேலதான் கட்டை. கட்டைக்கு மேல கம்பி. மழை பெஞ்சா தண்ணி நிக்கக் கூடாது. நின்னா கட்டை ஊறிப் போயி, ரயில் வரப்ப கம்பி கீழ இறங்கும். ஜல்லிய குத்திக் குத்திக் கட்டைக்கு அடியில தள்ளணும். அதான் எங்க வேலை."

அங்கிருந்து பேச்சு தானாக வந்தது. விடியற்காலையில் ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு, சிவப்புக் கொடியோடு ஒருவர் தன் பங்குத் தூரம் முழுக்க நடப்பார். ஆணி கழன்றிருக்கிறதா, கம்பி இணைப்பில் போல்ட் தளர்ந்திருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெயிலில் இரும்பு நீளும். அதற்காகக் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். இடைவெளி இல்லாவிட்டால் உச்சி வெயிலில் கம்பி பாம்பு போல நெளிந்துவிடும். பழைய ரயிலில் நாம் கேட்ட 'தடக் தடக்' சத்தம், அந்த இடைவெளிகளைச் சக்கரம் தாண்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தை நிகழ்ச்சிகளில் எத்தனையோ முறை ஒலிக்கவிட்டிருக்கிறேன். அதன் காரணத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

கோம்பாக் டிரைவ் பக்கம் ரயில்வே கேட் இருந்த இடத்தைக் காட்டினார். நம் ரயில் வரும்போது சிங்கப்பூர் வாகனங்கள் கேட்டில் காத்து நிற்குமாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "வேற நாடு. ஆனா நம்ம கம்பி."

அந்தப் பகுதியில்தான் பழைய ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட இடம். இப்போது அருங்காட்சியகம். அதன் பிறகு நடந்தது நம் குடும்பங்களுக்குத் தெரியும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. ஆட்கள் மட்டுமல்ல, கம்பியும் போனது. தம்பின்–மலாக்கா ரயில் பாதையைப் பிடுங்கி அங்கே கொண்டுபோனார்கள். மலாக்கா நகருக்கு இன்றுவரை ரயில் இல்லாததற்குக் காரணம் அதுதான். அப்பாவின் தாய்மாமா ஒருவர் சயாமுக்குப் போனவர். அவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியது ஒரு பெயர் மட்டுமே.

மதியம் இடி முழங்கியது. புக்கிட் பாஞ்சாங்கில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டோம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில், இரு நாட்டில் பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் பேசியது முழுக்கக் குவார்ட்டர்ஸ் கதைதான்.

இரண்டாம் நாள்: புக்கிட் தீமா

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் பாதையில் இறங்கினோம். அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே கறுப்பு இரும்புப் பாலம் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டினால் ஒரு பக்கம் புக்கிட் தீமா காடு. குரங்குகள் வேலியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கணக்கெடுக்கின்றன. காலையில் ஓடுபவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், நாயோடு நடப்பவர்கள், சிறுவர் சைக்கிள்கள் எல்லாம் ஒரே மண் பாதையில். யாரும் யாரையும் முண்டவில்லை. மணி அடித்தால் ஒதுங்குகிறார்கள், ஒதுங்கினால் நன்றி சொல்கிறார்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் புக்கிட் தீமா ரயில் நிலையம். செங்கல் கட்டிய சின்ன நிலையம். பழுது பார்த்து 2022-இல் மீண்டும் மக்களுக்குத் திறந்தார்கள். நிலையத்துக்கு முன்னால் கொஞ்ச நீளத்துக்குத் தண்டவாளத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக அங்கே போனார். குந்தி உட்கார்ந்து, கம்பியை உள்ளங்கையால் தடவினார். இணைப்புத் தகட்டின் போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. "டைட்டாத்தான் இருக்கு" என்றார்.

பக்கத்தில் ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எட்டு வயதிருக்கும் அவர்கள் மகன், "தாத்தா, நீங்க டிரெயின் ஓட்டுனவரா?" என்று கேட்டான். "இல்லப்பா. டிரெயின் விழாமப் பாத்துக்கிட்டவன்" என்றார் அப்பா.

பிறகு பையனுக்கு டோக்கன் கதை சொன்னார். இது ஒற்றைக் கம்பி வழி. எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் மோதும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு டோக்கன் வெளியே வரும். அது கையில் இருக்கும் ஓட்டுநர்தான் அந்தப் பகுதிக்குள் போகலாம். பெரிய வளையம் வைத்த தோல் பையில் டோக்கனைப் போட்டு, மெதுவாக நகரும் ரயிலிலிருந்து ஓட்டுநர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொள்வார். கணினி எல்லாம் வந்த பிறகும் 2011-இல் மூடும் வரைக்கும் இந்த நிலையத்தில் அந்த முறை இருந்தது. பையன் இரண்டு கைகளையும் வளைத்துப் பிடித்துக்கொண்டு நடைமேடையில் ஓட, அப்பா ஓட்டுநராகக் கை நீட்டினார். என் கைப்பேசியில் அந்தப் பதிவு இருக்கிறது. நாற்பது நிமிடம்.

நிலையத்தைத் தாண்டினால் தெற்கே நிழலான நீண்ட நேர்ப்பாதை. புவோனா விஸ்தாவைக் கடந்ததும் தங்ளின் ஹால்ட் வருகிறது. ரயில் நின்று போன சிறு நிறுத்தம் இருந்ததால் வந்த பெயர். கம்பி போய்விட்டது, பெயர் இருக்கிறது.

குவீன்ஸ்டவுன் பக்கம் சைக்கிளை விட்டிறங்கி, காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். 1930-களில் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சிறு வழிபாட்டிடம் அது. நகரம் வளர வளர இடம் மாறி, இன்று பெரிய கோயிலாக நிற்கிறது. நம் நாட்டிலும் கம்பிச்சடக்கு ஓரத்தில் முனியாண்டி இருப்பார். இருட்டில் தனியாக லைன் பார்க்க நடப்பவனுக்கு வேறு யார் துணை? வழியெங்கும் தகவல் பலகைகள் வைத்திருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் கம்பி போட்டவர்கள், அதைக் காத்தவர்கள் தங்கள் கையால் விட்டுப்போன அடையாளம் என்று இந்தப் பாதையில் நான் கண்டது அந்தக் கோயிலைத்தான்.

தஞ்சோங் பாகாரில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. நிலையத்துக்கு அடியில் எம்ஆர்டி நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு மேலே முகப்பு தெரிந்தது. விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு பளிங்குச் சிலைகள். இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நோல்லி செய்தவை. அவற்றோடு மலாய் ஐக்கிய மாநில ரயில்வேயின் நான்கு ஆங்கில எழுத்துகள். 2011-இல் சிங்கப்பூர் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. அப்பா சாலையோரத்தில் நின்று சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "உள்ள ஒரு சாப்பாட்டுக் கடை இருந்துச்சு. சம்பள நாள்ல அங்கதான்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு

ஒரே நாளிலும் போகலாம், பிள்ளைகளோடு இரண்டு பகுதியாகப் பிரித்தும் போகலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் ரயில் மால் கடை வரிசையிலிருந்து புக்கிட் தீமா நிலையம் வரை மட்டும் போதும். இரண்டு இரும்புப் பாலமும் பக்கத்திலேயே இருக்கின்றன. காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம். மெல்லிய சக்கரம் வைத்த ரேஸ் சைக்கிள் வேண்டாம், மண்ணிலும் சரளையிலும் வழுக்கும். தண்ணீர் கையில் வேண்டும். குரங்கு இருக்கும் பகுதியில் சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்காதீர்கள். வயதானவர்களுக்கு ஏற்றம் பற்றிய பயமே வேண்டாம். அது ரயில் ஏறிய பாதை.

நம் ஊரில்?

நான் வேலைக்குப் போவது கிள்ளானிலிருந்து கொமுட்டரில். சிலாங்கூரின் முதல் ரயில் ஓடிய பாதை அது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் ஆற்றின் இந்தப் பக்கமிருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே திறந்தார்கள். பாலம் கட்டி 1890-இல் கிள்ளான் ஊருக்குள் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்ததே செங்கல் சூளையாலும் ரயிலாலும்தான். கே.எல். சென்ட்ரல் 2001-இல் திறக்கப்படும் முன், அங்கே ரயில்வேயின் பெரிய யார்டு இருந்தது. நிலைய அதிபர்களும் கிராணிகளுமாக யாழ்ப்பாணத் தமிழர்கள், கம்பிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றவர்களாகத் தமிழ்நாட்டுத் தமிழர்கள் என்று இரு பிரிவினரும் இந்தப் பாதையில் வாழ்ந்தார்கள். அம்பாங்குக்குப் போன பழைய கிளைப் பாதையில் 1996-லிருந்து எல்ஆர்டி ஓடுகிறது. ஓடுகிற பாதையை யாரும் சைக்கிளுக்குக் கேட்க முடியாது. கேட்கவும் வேண்டாம், ரயில் ஓடுவதுதான் அழகு.

ஆனால் ரயில் நின்றுபோன பாதைகள் நமக்கும் உண்டு. 1891-இல் திறந்த சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதை, ஏறக்குறைய 39 கிலோமீட்டர். இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. ஒருமுனையில் கொமுட்டர் நிலையம், மறுமுனையில் கடற்கரை. கோலாலம்பூர்க் குடும்பம் ஒன்று சனிக்கிழமை காலை சிரம்பானில் சைக்கிளோடு இறங்கி, இடையில் ஒரு சிற்றூரில் தங்கி, ஞாயிறு மதியம் கடலில் கால் நனைக்கிற பாதை அது. அப்படி ஆக்க முடியாதா என்று கேட்க, நமக்குச் சிங்கப்பூர் அளவுக்குப் பணம் வேண்டியதில்லை. அந்த நிலத்தைத் துண்டு போடாமல் வைத்தால் போதும். ஒருமுறை துண்டு போட்ட பாதையைப் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒட்டவைக்க முடியாது.

நாட்டின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்டது. அந்த ஊருக்கு இப்போது கோலா செப்பெத்தாங் என்று பெயர். கம்பி போய்விட்டது. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவே நிற்கிறது. அதில் நான்கு எழுத்து வடிவங்கள், நான்கில் ஒன்று தமிழ். அந்த ரயிலில் வருகிறவர்களிலும் அந்தப் பாதையில் வேலை பார்க்கிறவர்களிலும் தமிழ் படிக்கிறவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வானொலியில் கேள்வி கேட்ட பெரியவருக்கு என் பதில் இதுதான். கம்பியைப் பிடுங்கினாலும் சடக்கு இருக்கும், யாராவது அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால். அது யாருடைய சடக்கு என்று சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். கேங்கில் இருந்தவர்கள், கேட் காத்தவர்கள், செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். பழைய பாதைக்கு அழைத்துப் போங்கள். சைக்கிளோ, காரோ, நடையோ எதுவானாலும் சரி. காலுக்கடியில் ஜல்லி தட்டுப்பட்டதும் அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். கைப்பேசியில் பதிவை மட்டும் அழுத்திவிட்டு, நீங்கள் மெதுவாகப் பின்னால் போங்கள்.